அதிர்ஷ்டசாலி, கெட்டிக்காரர், கைராசிக்காரர்: எதை யாரிடம் சொல்வது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். நீங்கள் பெங்களூரில் வளர்ந்தவர். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும், வீட்டில் தமிழ். இப்போது பாலக்கோடு பக்கம் ஒரு வங்கிக் கிளையில் வேலை. அடகு வைத்த நகையை மீட்க வந்த ஒரு தக்காளி விவசாயியிடம், "இந்த வருசம் நல்ல விலை, நீங்க அதிர்ஷ்டசாலிதான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். அவர் "ஆமா சார், எல்லாம் அதிர்ஷ்டம்" என்று சொல்லிவிட்டு, உர்ரென்று நகையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பாராட்டத்தானே செய்தேன், இதில் என்ன தப்பு என்று கேட்கிறீர்கள். கூடவே, ஓய்வு பெறப்போகும் உங்கள் மேலாளரைப் பற்றி மேடையில் நான்கு வார்த்தை பேச வேண்டும், 'திறமைசாலி', 'கெட்டிக்காரர்' இரண்டில் எது சரி என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு உரக்கடை நடத்துகிறவன். படித்தது ஒரு தமிழ், கல்லாவில் உட்கார்ந்து கேட்பது இன்னொரு தமிழ். இரண்டையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

நீங்கள் சொன்ன சொல்லில் தப்பில்லை. ஆனால் அதை அவர் சொல்லியிருக்க வேண்டும், நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அதிர்ஷ்டம், யோகம், புண்ணியம், சாமி செயல், இதையெல்லாம் ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டால் அடக்கம். அடுத்தவர் சம்பாத்தியத்தைப் பார்த்து நாம் சொன்னால், "நீ ஒண்ணும் பண்ணலை, தானா வந்தது" என்று அவர் காதில் விழும். அதுவும் தக்காளிக்காரரிடம் சொன்னால் இரட்டிப்பாக வலிக்கும்.

ஏன் என்றால், தக்காளி எவ்வளவு பெரிய சூதாட்டம் என்று உங்களை விட அவருக்குத் தெரியும். நாற்று வாங்கி நட்டு, குச்சி ஊன்றி, கம்பியிழுத்து, கொடியைக் கயிற்றால் தூக்கிக் கட்டி, ஊசிப்புழுவுக்கும் வைரசுக்கும் மாற்றி மாற்றி மருந்தடித்து, இரண்டு இரண்டரை மாதம் கழித்துத்தான் முதல் பறிப்பு. அன்றைக்கு ராயக்கோட்டை மண்டியில் என்ன விலை என்பது அவர் கையில் இல்லை. பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று பழத்தை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போன வருசங்கள் உண்டு. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, அந்த மாதம் யார் தோட்டத்தில் பழம் இருந்ததோ அவர் நிமிர்ந்தார். ஒரு மாதம் முந்தி நட்டவர் அதே உழைப்பு உழைத்தும் பார்த்துக்கொண்டு நின்றார். ஆக, உள்ளபடியே அதில் அதிர்ஷ்டம் இருக்கிறது. அவரே வீட்டில் போய் "ஏதோ நம்ம நேரம், தப்பிச்சோம்" என்றுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் அதை நீங்கள் சொல்லக் கூடாது.

எங்கள் பக்கம் இந்தப் பேச்சு எப்படி நடக்கும் என்று பாருங்கள். கடைக்கு ஒருவர் வருகிறார், பழைய பாக்கியை ஒரே தடவையில் தீர்க்கிறார். நான் கேட்பேன், "இந்த வாட்டி பரவாயில்ல போலிருக்கேண்ணா?"

"ஏதோ, சாமி புண்ணியத்துல."

"சாமி வந்தாண்ணா மருந்தடிச்சுது? ராத்திரியும் பகலும் நீங்கதான தோட்டத்துல கெடந்தீங்க."

அவ்வளவுதான். அவர் சிரிப்பார், ஒரு டீ சொல்லச் சொல்வார். அவர் சாமியைக் காட்டுவார், நான் அவர் உழைப்பைக் காட்ட வேண்டும். அவர் பங்கு வசனத்தை நான் பிடுங்கிக்கொண்டால், அவருக்குச் சொல்ல எதுவும் மிச்சம் இருக்காது. "ஆமா, எல்லாம் அதிர்ஷ்டம்" என்று முகம் சுருக்கத்தான் முடியும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

நஷ்டம் வந்தால் அப்படியே திருப்பிப் போடுங்கள். "நட்ட நேரம் தப்பு, மருந்து சரியா அடிக்கல" என்று நாம் சொல்லக் கூடாது, அது உண்மையாகவே இருந்தாலும். "நேரம் சரியில்லண்ணா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்போம். லாபத்தை உழைப்புக்குக் கணக்கு வைக்க வேண்டும், நஷ்டத்தை விதிக்கு. அடுத்தவரைப் பற்றிப் பேசும்போது இதுதான் மரியாதை. அவர் தன் வாயால் "எல்லாம் என் முட்டாள்தனம்" என்று சொல்லிக்கொண்டால் சொல்லட்டும், நாம் அதை மறுக்க வேண்டும்.

இந்த இரண்டு வகைச் சொற்களையும் தமிழ் இலக்கணமே தனித்தனியாக நடத்துகிறது. "அவனிடம் திறமை இருக்கிறது" என்கிறோம். "அவனுக்குத் திறமை உண்டு" என்றும் சொல்லலாம். ஆனால் "அவனிடம் அதிர்ஷ்டம் இருக்கிறது" என்று யாரும் சொல்வதில்லை, "அவனுக்கு" என்றுதான் வரும். திறமை ஆளிடம் தங்கும் பொருள், அதிர்ஷ்டம் ஆளை நோக்கி வரும் பொருள். வினைச்சொல்லையும் கவனியுங்கள். அதிர்ஷ்டம் அடிக்கும், யோகம் அடிக்கும், லாட்டரி அடிக்கும். வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது என்பதற்கும் அதே சொல்தான். திறமையை ஒருவன் காட்டுவான், வளர்த்துக்கொள்வான், வீணடிப்பான். தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரிச் சீட்டுக்குத் தடை வந்துவிட்டது. ஆனாலும் அதற்குப் பிறகு பிறந்த பையன்கள்கூட "லாட்டரி அடிச்ச மாதிரி" என்றுதான் பேசுகிறார்கள்.

இனி அதிர்ஷ்டத்தின் பக்கம் இருக்கிற சொற்களைப் பார்ப்போம்.

'அதிர்ஷ்டம்' வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்குப் 'பார்க்கப்படாதது' என்று பொருள். கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்கிற பழைய வினைப்பயன் என்ற கருத்தில் வந்த சொல். தமிழில் அது நல்லதுக்கு மட்டும் என்று ஆகிவிட்டதால், கெட்டதுக்குத் 'துரதிர்ஷ்டம்' என்று தனியாக ஒட்ட வேண்டியிருக்கிறது. 'திருஷ்டி'யும் அதே வேரில் பிறந்ததுதான், அது பார்வை. பார்க்கப்படாதது வந்து சேர்கிறது, உடனே நாலு பேர் பார்வை பட்டுவிடுகிறது என்று பூசணிக்காய் உடைக்கிறோம். வேர்ச்சொல் தெரியாமலேயே நம் ஆட்கள் இரண்டையும் சரியாக ஜோடி சேர்த்துவிட்டார்கள். நீங்கள் 'அதிர்ஷ்டசாலி' என்று சத்தமாகச் சொன்னது அந்த விவசாயிக்குக் கண் வைத்த மாதிரியும் பட்டிருக்கலாம். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

'யோகம்' ஜாதகக் கட்டத்திலிருந்து இறங்கி வந்தது. "அவனுக்கு யோகம் அடிச்சிருக்கு" என்றால் திடீர் வரவு, பெரும்பாலும் பணம், பதவி, நல்ல இடத்தில் சம்பந்தம். "சுக்கிர திசை" என்று சொன்னால் கொஞ்ச நாள் தொடர்ந்து நல்லது நடக்கிறது என்று பொருள். ஜோதிடக் கணக்கில் அது 20 வருசம். பேச்சில் இருபது நாள் நல்லபடியாகப் போனாலே சுக்கிர திசைதான். 'மச்சம்' சமவயதுக்காரர்களுக்கு மட்டும். "உனக்கு உடம்பெல்லாம் மச்சம்டா" என்று நண்பனிடம் சொல்லலாம், வாடிக்கையாளரிடம் சொல்லிப் பார்க்காதீர்கள்.

'கொடுத்து வைத்தவர்' எனக்குப் பிடித்த சொல். அதிர்ஷ்டம் மாதிரி எங்கிருந்தோ வந்து அடிப்பதில்லை இது. போன பிறவியில் யாருக்கோ கொடுத்தார், அது இருப்பில் கிடந்தது, இப்போது எடுக்கிறார். அதனால் அடுத்தவரைப் பார்த்து மனம் புண்படாமல் சொல்லக்கூடிய ஒரே அதிர்ஷ்டச் சொல் ஏறக்குறைய இதுதான். "உங்க பசங்க ரெண்டும் தங்கம், கொடுத்து வெச்சவங்க நீங்க" என்றால் எந்த அம்மாவும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் இதைப் பிள்ளை, குடும்பம், உடல்நலம், நல்ல சாவு போன்றவற்றுக்குச் சொல்வார்களே தவிர, வியாபார லாபத்துக்கு அவ்வளவாகச் சொல்வதில்லை. தக்காளி விலைக்குக் 'கொடுத்து வெச்சவரு' என்றால் சிரிப்பார்கள்.

எதிர்மறையில் அதே சொல் இருட்டிவிடும். "பேரனைப் பாக்க அவருக்குக் குடுத்து வெக்கல" என்பது சாவு வீட்டுப் பேச்சு. 'கொடுப்பினை'யும் அப்படித்தான், பெரும்பாலும் 'இல்லை'யோடுதான் வரும். "எனக்கு அந்தக் கொடுப்பினை இல்ல" என்று ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லலாம். எதிரே இருப்பவரிடம் "உங்களுக்குக் கொடுப்பினை இல்லை" என்று சொன்னால் அது சாபத்துக்குப் பக்கத்தில் போய்விடும். குழந்தை இல்லாதவர்களிடம் 'பாக்கியம்' என்ற சொல்லையும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். 'குழந்தை பாக்கியம்' என்று நாளிதழ் விளம்பரத்தில் சர்வசாதாரணமாக வருகிறது, நேரில் அப்படி இல்லை.

'மகராசன்', 'மகராசி' இரண்டும் வாழ்த்தாகத் தொடங்கியவை. கிழவி ஒருத்திக்குப் பத்து ரூபாய் கொடுத்தால் "மகராசனா இருப்பே" என்பாள். ஆனால் "மகராசியா போயிட்டா" என்றால் கணவனுக்கு முன்னால் பூவும் பொட்டுமாக இறந்தவள் என்று அர்த்தம். புருசன் இருக்கும்போதே சாவது பெண்ணுக்குப் பாக்கியம் என்று ஒரு காலத்துக் கணக்கு. எனக்கு அந்தக் கணக்கில் உடன்பாடில்லை. ஆனாலும் துக்கம் கேட்கப் போகிற இடத்தில் இந்த வார்த்தை காதில் விழும், அர்த்தம் தெரிந்திருக்கட்டும்.

இதற்கும் மேலே கொடுமையானது 'ராசி'. இது அவரவருக்கு நடப்பதைச் சொல்லாது, அவரால் மற்றவருக்கு நடப்பதைச் சொல்லும். "மருமக வந்த நேரம், போர்ல தண்ணி வந்துச்சு" என்று கொண்டாடுவார்கள். அதே வாய் அடுத்த வருசம் "இவ வந்த நேரம்" என்று இழுக்கும். 'ராசியில்லாதவள்' என்ற சொல்லைத் தமிழில் தெரிந்துகொள்ளுங்கள், பயன்படுத்தாதீர்கள். சபையில் ஒரு பெண்ணைப் பின்னுக்குத் தள்ள இந்த ஒரு சொல் போதும், விளக்கமே வேண்டியதில்லை.

இந்த ராசி கையில் வந்து உட்காரும்போது கதை மாறுகிறது. திறமைக்கும் அதிர்ஷ்டத்துக்கும் நடுவில் தமிழில் ஒரு பெரிய இடம் இருக்கிறது, அங்கே எல்லாம் 'கை'யில்தான் தொடங்கும். கைராசி, கைப்பக்குவம், கைமணம், கைவாகு, கைதேர்ந்தவர், கைவந்த கலை. இதில் ஒரு முனையில் கைராசி, அது ஏறக்குறைய முழுக்க அதிர்ஷ்டம். மறுமுனையில் கைதேர்ந்தவர், அது முழுக்கப் பழக்கம்.

கைராசிக்கு எங்கள் மாவட்டத்தில் நல்ல உதாரணம் நீரோட்டம் பார்க்கிறவர். இங்கே அடியில் கடினப்பாறை. பாறை வெடிப்பில் தண்ணீர் சிக்கினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆயிரம் அடி போர் போட்டும் வெறும் புகையாக வந்த தோட்டத்துக்கு அடுத்த வரப்பில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். ஆகவே லாரியைக் கூப்பிடுவதற்கு முன் அவரைக் கூப்பிடுவார்கள். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நிலத்தைக் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். ஓர் இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். கல்லை நட்டு, சூடம் கொளுத்துவார்கள். தண்ணீர் வந்தால் "அவர் திறமைசாலி" என்று ஒருவரும் சொல்வதில்லை, "அதிர்ஷ்டசாலி" என்றும் சொல்வதில்லை. "கைராசிக்காரர்", "அவர் வாக்குப் பலிக்கும்" என்பார்கள். புகை வந்தாலோ, "உங்க நிலத்து ராசி அப்படி" என்று பழி நிலத்துக்காரர் தலையில் இறங்கிவிடும். தண்ணீர் வந்தால் அவர் கை, வராவிட்டால் உங்கள் நிலம். இவ்வளவு வசதியான ஏற்பாடு வேறு எந்தத் தொழிலிலும் நான் பார்த்ததில்லை. தேங்காய் எழுந்து நிற்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் பல வருசமாகப் பல நூறு தோட்டம் நடந்தவருக்குப் புற்று, மரம், சரிவு பார்த்து ஏதோ ஒரு கணிப்பு வந்திருக்கும் என்பதை மறுக்க மாட்டேன். அந்தக் கணிப்புக்குத்தான் ஊர் 'ராசி' என்று பெயர் வைத்திருக்கிறதோ என்னவோ.

கடையில் முதல் போணி பண்ணுகிறவர் கை, விதை எடுத்துக் கொடுக்கிற கை, ஊசி போடுகிற டாக்டர் கை, இதெல்லாம் இதே வகை. "அந்த டாக்டர் கைராசியானவர்" என்பது டாக்டரின் படிப்பைக் குறைத்துச் சொல்வது ஆகாது. நேராகவே சொல்லலாம், மகிழ்வார்.

'கைப்பக்குவம்' வேறு. அங்கே ராசிக்கு வேலை இல்லை. ராகிக் களி கிண்டுகிறதைப் பார்த்திருக்கிறீர்களா? உலைத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது மாவைக் கொட்டி, உடனே கிண்டாமல், மாவு வேக விட வேண்டும். எவ்வளவு நேரம் என்றால் யாரும் கடிகாரம் பார்த்துச் சொல்ல மாட்டார்கள். அப்புறம் பானையைக் காலால் அண்டை கொடுத்துக்கொண்டு, துடுப்பைப் போட்டு, கட்டி விழாமல் அழுத்திக் கிளற வேண்டும். பதம் பார்க்கக் கையைத் தண்ணீரில் நனைத்துக் களியைத் தொட்டுப் பார்ப்பார்கள். விரலில் ஒட்டினால் இன்னும் வேகவில்லை. நன்றாகக் கிண்டுகிற அத்தையிடம் "நீங்க ரொம்ப திறமையா களி கிண்டுறீங்க" என்று சொல்லிப் பாருங்கள், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்துவிட்டாரா என்று பார்ப்பார். "உங்க கைப்பக்குவம் யாருக்கும் வராதத்தே" என்றால் இன்னொரு உருண்டை இலையில் விழும்.

திறமைச் சொற்களில் இந்த வேறுபாடுதான் முக்கியம். 'திறமை' காகிதத்தில் வாழ்கிற சொல். சான்றிதழ், விண்ணப்பம், பரிசளிப்பு விழா, 'திறமைசாலி மாணவர்கள்'. 'திறன்' இன்னும் அலுவலகத்தனமானது, அளந்து பார்க்கக்கூடியது. கற்றல் திறன், திறன் மேம்பாடு, குதிரைத்திறன். நேரில் வாய்விட்டுப் பாராட்ட எங்கள் பக்கம் எடுப்பது வேறு சொற்களை. கொத்தனாரை, ஆசாரியை "வேலை சுத்தமா இருக்கும்" என்போம். அதை மாற்றி "கை சுத்தம்" என்று சொல்லிவிடாதீர்கள், அது திருடமாட்டார் என்கிற நற்சான்று. 'தொழில் தெரிஞ்சவர்' என்பது இங்கே பெரிய பட்டம். 'பழம் தின்னு கொட்டை போட்டவர்' அனுபவத்துக்கு, லேசான கிண்டலும் அதில் உண்டு. படிக்கிற பிள்ளையைக் 'கற்பூர புத்தி' என்போம், சொன்னதும் பற்றிக்கொள்கிறவன். 'சமர்த்து' குழந்தைகளுக்கு. "சமர்த்தா இரு" என்றால் அறிவாக இரு என்பதை விட, அடம்பிடிக்காமல் இரு என்றுதான் அர்த்தம்.

அதே வேரில் வந்த 'சாமர்த்தியம்' பெரியவர்கள் உலகத்துக்கு வந்ததும் நிறம் மாறிவிடும். "அது உன் சாமர்த்தியம்" என்றால், நான் தலையிட மாட்டேன், முடிந்தால் பேசி வாங்கிக்கொள் என்று பொருள். 'சாமர்த்தியசாலி' என்று ஒருவரைச் சொன்னால் கேட்பவர் புருவம் கொஞ்சம் உயரும். 'விவரமான ஆளு', 'பொழைக்கத் தெரிஞ்சவன்', 'லேசுப்பட்ட ஆளில்ல', 'கில்லாடி', 'எமகாதகன்', இவற்றிலெல்லாம் பாதி பாராட்டு, பாதி எச்சரிக்கை. தமிழில் திறமைச் சொற்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் ஒரு முள்ளை வைத்துக்கொண்டிருக்கின்றன. அறிவாளியைப் பார்த்தால் நம் ஊருக்கு முதலில் வருகிற சந்தேகம், இவன் நம்மை ஏமாற்றிவிடுவானோ என்பதுதான் போலும். 'மேதாவி' பேச்சில் கிட்டத்தட்ட முழுக்கக் கிண்டலாகிவிட்டது. மேதை என்று ஒருவரை மதிக்க வேண்டுமானால் 'மேதை' என்றே சொல்லுங்கள், 'மேதாவி' பக்கம் போகாதீர்கள். 'கைதேர்ந்த' என்பதும் கவனம். சிற்பிக்கும் அதுதான், செய்தித்தாளில் திருடனுக்கும் அதுதான்.

சரி, உங்கள் மேலாளருக்கு வருவோம். 'கெட்டிக்காரர்' வேண்டாம். அது நல்ல சொல், முள் குறைந்த சொல், ஆனால் மேலிருந்து கீழே தட்டிக்கொடுக்கிற சொல். பெரியவர் சின்னவரைச் சொல்லலாம், ஆசிரியர் மாணவனைச் சொல்லலாம், மாமியார் மருமகளைச் சொல்லலாம். 60 வயதில் ஓய்வு பெறுகிறவரைப் பார்த்து நீங்கள் சொன்னால், அவருக்கு மதிப்பெண் போடுகிற மாதிரி இருக்கும். 'திறமைசாலி' தப்பில்லை, சப்பென்று இருக்கும். 'நல்லவர், வல்லவர், நாலும் தெரிந்தவர்' என்று ஆரம்பித்தால் தேர்தல் மேடையாகிவிடும்.

அடைமொழியை விட்டுவிட்டு, அவர் செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது நம் தகடூர்ப் பாட்டு, அதாவது இன்றைய தர்மபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றி ஔவையார் பாடியது. புறநானூற்றில் 87-ஆவது பாட்டு. எதிரிகளைப் பார்த்து, போர்க்களத்துக்கு வராதீர்கள், எங்களிடம் ஒரு வீரன் இருக்கிறான் என்கிறார். எப்படிப்பட்டவன்? 'வைகல் எண்தேர் செய்யும் தச்சன் திங்கள் வலித்த காலன்னோனே.' ஒரே நாளில் எட்டுத் தேர் செய்து முடிக்கிற தச்சன், ஒரு மாதம் உட்கார்ந்து ஒரே ஒரு சக்கரத்தைச் செய்தால் அது எப்படி இருக்குமோ அப்படிப்பட்டவன். மொத்தப் பாட்டிலும் வல்லவன், திறமைசாலி என்கிற வகையில் ஒரு சொல் கிடையாது. வேகம் அந்தத் தச்சன் கையில் இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது, கேட்கிறவனே முடிவு பண்ணிக்கொள்ளலாம். திறமையைப் பற்றித் தமிழில் நான் படித்தவற்றில் இதைத் தாண்டி ஒன்றைப் பார்த்ததில்லை. நான்கே வரி, சொன்ன ஊரும் பக்கத்து ஊர்.

ஆகவே, "கணக்கு ஒத்துவராத ஒரு நாள் சாயந்திரம், எல்லோரும் பதறிக்கொண்டிருந்தபோது சார் ஒரு டீயை வரவழைத்துக் குடித்துவிட்டு, பத்து நிமிடத்தில் தப்பு எந்தச் சலானில் என்று காட்டினார்" என்கிற மாதிரி, உங்கள் கிளையில் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். கடைசியில் "அவரிடம் வேலை பழகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது என் அதிர்ஷ்டம்" என்று முடியுங்கள். இங்கே அதிர்ஷ்டம் உங்களுடையது, அதனால் யாருக்கும் உறுத்தாது. 'பாக்கியம்' என்றும் போடலாம், ஆனால் மேடைகளில் அந்தச் சொல்லைத் தேய்த்து மெலிய வைத்துவிட்டார்கள்.

திறமை ஒன்று, அதிர்ஷ்டம் ஒன்று என்று பிரித்துப் பார்ப்பது நம்மிடம் புதிதா என்று கேட்டால், இல்லை. திருக்குறளில் ஊழ் அதிகாரத்திலேயே இருக்கிறது, 374-ஆவது குறள்: 'இருவேறு உலகத்து இயற்கை திருவேறு தெள்ளியர் ஆதலும் வேறு.' செல்வம் வாய்ப்பது ஒரு வழி, தெளிந்த அறிவு வாய்ப்பது வேறு வழி, உலக இயற்கையே அப்படி இரண்டாக இருக்கிறது என்கிறார். படித்தவன் சைக்கிளில் போகிறான், படிக்காதவன் காரில் போகிறான் என்று டீக்கடையில் சலித்துக்கொள்கிறார்களே, அதே விஷயம், சலிப்பு மட்டும் இல்லாமல். அதே அதிகாரத்தின் முதல் குறள் இன்னும் ஒரு படி போகிறது. 'ஆகூழால் தோன்றும் அசைவின்மை' என்று ஆரம்பிக்கும். சோர்வில்லாமல் உழைக்கிற குணமே நல்ல ஊழ் இருந்தால்தான் வரும் என்கிறது. அப்படிப் பார்த்தால் உங்கள் தக்காளி விவசாயியின் உழைப்பும் அதிர்ஷ்டம்தான் என்று வாதாடலாம். வள்ளுவர் வாதாடட்டும், நீங்கள் வங்கிக் கவுண்டரில் வாதாட வேண்டாம்.

கன்னடம் தெரிந்தவர் என்பதால் ஒன்று சொல்கிறேன், உங்களுக்கு உதவும். 'அத்ருஷ்ட' அங்கேயும் இதே சொல்தான், தெலுங்கிலும் 'அத்ருஷ்டம்'. கிருஷ்ணகிரி மாவட்டத்தில், குறிப்பாக ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம், மூன்று மொழியும் ஒரே சந்தையில் புழங்குவதால் இந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படுவதில்லை. அதை விட சுவாரசியம் 'கெட்டி'. தமிழில் கெட்டித் தயிர், கெட்டி மேளம், கெட்டிக்காரன். கன்னடத்தில் 'கட்டி' என்று உரப்பிச் சொல்வீர்கள், உறுதியானது என்று அர்த்தம். தைரியமும் திறமையும் உள்ள பெண்ணை 'கட்டிகித்தி' என்பீர்கள் இல்லையா? தெலுங்கில் 'கட்டிவாடு'. மூன்று மொழிக்காரர்களுக்கும் திறமை என்றால் உறுதி என்றே மனசில் பட்டிருக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. உங்கள் 'கட்டிகித்தி'யில் எதிர்த்து நிற்கிற துணிச்சல் தூக்கலாக இருக்கும். எங்கள் 'கெட்டிக்காரி' அவ்வளவு முண்டா தட்டமாட்டாள், கடனில்லாமல் குடும்பத்தை ஓட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, ஆடு மாட்டையும் பார்த்துக்கொள்கிறவள். உங்கள் கிளைக்கு வருகிற மகளிர் சுயஉதவிக் குழுவில் இப்படிப் பத்துப் பேராவது இருப்பார்கள். உங்களை விட வயதில் சின்னவராக இருந்தால் தாராளமாக அப்படிச் சொல்லலாம். பெரியவராக இருந்தால், "உங்க மாதிரி யாரால முடியும்கா" என்று சொல்லுங்கள்.